விளாவிய தண்ணீர்

தராசின் முள் போன மாதம் நின்ற கோட்டைத் தொடவில்லை. அதற்கு முன்பே நின்றுவிட்டது.

எங்கள் அங்கன்வாடியில் எடை பார்க்கும் தராசு உத்தரத்துக் கொக்கியில் தொங்கும். அதன் கீழே கால்சட்டை மாதிரி ஒரு துணிப்பை. பிள்ளையின் இரண்டு கால்களையும் அதில் நுழைத்துத் தொங்கவிட வேண்டும். அதில் ஏறி அழாத பிள்ளையே கிடையாது. ஒன்றரை வயது தர்ஷினி அன்றைக்கு அழவில்லை. அதுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

“தீதி, ஃபிர் கம் ஹோ கயா,” என்றாள் மினோதி. மறுபடியும் குறைந்துவிட்டது என்கிறாள். மினோதி எங்கள் சென்டரின் உதவியாளர். வங்காளி. என் தமிழ் அவளுக்கும், அவள் வங்காளம் எனக்கும் அரைகுறைதான். தீவில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற ஹிந்தியை வைத்துக்கொண்டு இருவரும் இத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டோம்.

நான் தர்ஷினியின் அம்மா செல்வியைப் பார்த்தேன். இராமநாதபுரம் பக்கத்துப் பெண். கல்யாணம் முடிந்து கப்பலேறி வந்து மூன்று வருடம் இருக்கும். புருஷன் ஒரு கான்ட்ராக்டரிடம் கொத்தனார்.

“வயித்தால போச்சா?”

“ஆமா டீச்சர், நாலு நாளா. நேத்துத்தேன் நின்னுச்சு.”

“சுடுதண்ணி குடுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

“நீங்க சொன்னமாதிரித்தேன் டீச்சர் எல்லாஞ் செய்யிறேன்.”

“பொய் சொல்லாத செல்வி. சொன்னபடி செஞ்சா பிள்ள ஏன் இப்படி இருக்கு? சோம்பேறித்தனம் பண்ணிட்டு என் முகத்தப் பாத்து பேசுறியா?”

சுவரோரம் பத்துப் பன்னிரண்டு அம்மாமார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். செல்வி பிள்ளையைத் துணிப்பையிலிருந்து தூக்கி, சட்டையை இழுத்துவிட்டு, தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு நாக்கு நீளம். இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அந்த நாக்கைப் பற்றித்தான் இந்த வாரம்.

நல்லும் நாலாவும்

நகரத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் அது இன்னும் போர்ட் பிளேர்தான். பெயர் எதுவானாலும் மேடும் பள்ளமும் அப்படியேதான் இருக்கின்றன. எங்கள் சென்டர் ஒரு மேட்டின் இடுப்பில் இருக்கிறது. மேலே மாடி வீடுகள். கீழே தகரக் கூரை போட்ட வாடகை அறைகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. மூன்று குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். செல்வியின் வீடு எல்லாவற்றுக்கும் கீழே.

இங்கே மழைக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் மழை இல்லாத மாதங்களில் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற அத்தனை பாத்திரமும் வாசலுக்கு வந்துவிடும். நீல டிரம், பெயின்ட் வாளி, மூடி உடைந்த பிளாஸ்டிக் டப்பா, எல்லாம் நிறைய வேண்டும். பிடித்த தண்ணீர் மூன்று நாள் அந்த டிரம்மில்தான் கிடக்கும். அதில் பெரியவர்கள் கை மொள்ளும், பிள்ளைகள் கை அளையும்.

ஹிந்தியில் குழாய்க்கு ‘நல்’ என்று பெயர். சாக்கடைக்கு ‘நாலா’. வந்த புதிதில் தமிழ்ப் பெண்கள் இரண்டையும் மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். “நாலாவுல தண்ணி வந்துருச்சா?” என்று ஒருத்தி கேட்க, தெருவே சிரித்தது உண்டு. உண்மையில் அவள் கேட்டதில் பெரிய தப்பில்லை. எங்கள் மேட்டில் குழாய் ஓடுவதே சாக்கடைக்குள்தான். இடம் கிடையாது, ஆகவே நாலாவின் ஓரமாகவே இரும்புக் குழாயை இறக்கிவிட்டிருக்கிறார்கள். துருப்பிடித்த ஜாயின்ட் ஒவ்வொன்றும் கசியும்.

தண்ணீர் வரும்போது குழாயிலிருந்து வெளியே கசிகிறது. சரி. தண்ணீர் நின்றுபோனால்? காலிக் குழாய் அதே ஓட்டை வழியாக நாலாவில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேல் வீடுகளின் செப்டிக் டேங்கி முதல் மழைக்கு நிரம்பி வழிந்து அந்த நாலாவுக்குத்தான் வரும். மூன்றாம் நாள் குழாயைத் திறந்தால் முதல் வாளி எந்த நிறத்தில் விழும் என்று கீழ் வீட்டுக்காரர்களைக் கேளுங்கள்.

நாங்கள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. பால்குடிப் பிள்ளையின் பீயை யாரும் அசுத்தமாகவே நினைப்பதில்லை. துணியை நாலாவில் அலசிவிட்டு, அதே கையோடு அடுத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டுவோம். நானும் என் மூத்தவளுக்கு அப்படித்தான் செய்தேன். பிழைத்துக்கொண்டாள், என் சாமர்த்தியத்தால் அல்ல.

இதெல்லாம் தெரிந்ததால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வீடு வீடாகப் போகும்போது தோள்பையில் என் சொந்தத் தண்ணீர் பாட்டில் இருக்கும். யார் வீட்டில் என்ன கொடுத்தாலும், “இருக்கட்டும்மா, பாட்டில் வெச்சிருக்கேன்” என்பேன். அது எனக்கு நல்ல பழக்கமாகத்தான் தோன்றியது.

பெர்ரியில் கை நீட்டியவன்

வயிற்றுப்போக்கு என்று கேட்டால் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று மினோதி ஒருமுறை கேட்டாள். அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அப்போது ஹார்பருக்கு அந்தப் பக்கம் பாம்பூஃப்ளாட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை. இங்கே வந்தும் படகுதான். எனக்கு ஏழு வயது. தம்பி சூசைக்கு இரண்டு முடியவில்லை. இரண்டு நாளாக அவனுக்கு வயிற்றால் போனது. “தண்ணி காட்டாத, காட்டுனா இன்னும் போவும்” என்று பக்கத்து வீட்டார் எல்லோரும் சொன்னார்கள். அம்மா காட்டவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு பெர்ரிப் படகில் ஏறினோம். அக்கரையில் சாத்தம். அங்கிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம், டீசல் வாடை. அம்மா பலகையில் உட்கார்ந்திருந்தாள். சூசை அவள் மடியில் கிடந்தபடியே கடலைப் பார்த்தான். “தண்ணி” என்று கையை நீட்டினான். ஹார்பர் முழுக்கத் தண்ணீர். அவன் மறுபடியும் மறுபடியும் நீட்டினான்.

அம்மாவின் கூடையில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. அது எனக்காக எடுத்து வந்தது. நான் அதைக் குடித்தேன். அவன் பார்க்காமல் இருக்க அம்மா முந்தானையால் அவன் முகத்தை மூடினாள்.

சாத்தம் படகுத்துறையில் இறங்கும்போது அவன் கை நீட்டவில்லை.

அம்மா சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் அசட்டையாக இருந்தவள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தவள். சொன்னவர்கள் தப்பாகச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் செல்வி விஷயத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

ஹிந்தியில் சொன்ன நான்கு வார்த்தை

எடை பார்த்துப் பத்து நாள் கூட ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. முதல் மழையிலேயே நாலா பொங்கி, கீழ் வீட்டு வாசல்களில் நின்றது. மூன்றாம் நாள் காலை செல்வி சென்டர் வாசலில் வந்து நின்றாள். பிள்ளை தோளில் துணி மாதிரிக் கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது.

சென்டரை மினோதியிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினோம். பையிலிருந்த உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டை என் பாட்டில் தண்ணீரில் கலந்து, மூடியில் ஊற்றி ஊற்றிப் புகட்டிக்கொண்டே போனேன். பிள்ளை ஒரு மூடி குடிக்கும், பாதியைத் துப்பும். விடவில்லை. ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் எனக்குப் பெர்ரியின் ஆட்டம் நினைவுக்கு வந்தது. “மாதாவே, இதையாவது விடு” என்று வாய்விட்டுச் சொன்னேன். செல்வி என் முகத்தைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னப் பெண். பொறுமையாகக் கேட்டாள், ஹிந்தியில். தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறீர்களா?

செல்வி ஆமாம் என்று தலையாட்டினாள்.

நான் குறுக்கே புகுந்தேன். “ஜூட் போல் ரஹீ ஹை, டாக்டர்.” பொய் சொல்கிறாள் என்று அர்த்தம்.

கடைக்கும் குழாயடிக்கும் போய்வருகிற பெண் இந்த ஊரில் ஆறு மாதத்தில் ஹிந்தி பேசிவிடுவாள். செல்வி வந்து மூன்று வருடம். எனக்கு அது தெரியாதா? அவளுக்குப் புரியாத பாஷை என்று வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேசுகிற சௌகரியம் எனக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது. வேறென்ன சொல்ல?

அவள் என் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையின் புறங்கையில் நர்ஸ் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

மூன்று நாள் டிரிப் ஏறியது. இரண்டாம் நாள் சாயங்காலம் தர்ஷினி அழ ஆரம்பித்தாள். வார்டே காதைப் பொத்துகிற அழுகை. நர்ஸுகள் சிரித்தார்கள். அவ்வளவு அழகான சத்தத்தை நான் சர்ச் கோரஸில்கூடக் கேட்டதில்லை.

அவள் வீட்டு அடுப்பு

பிள்ளை வீட்டுக்கு வந்த மறுநாள் நான் அங்கே போனேன். நலம் விசாரிக்கப் போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் நான் போனது அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். காய்ச்சுகிறாளா இல்லையா என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் வாசலில் நின்றேன். அவள் பின்பக்கம் கல் கூட்டிய அடுப்பில் பானை வைத்திருந்தாள். புருஷன் வேலை இடத்திலிருந்து கொண்டுவரும் சென்ட்ரிங் பலகைத் துண்டுகள்தான் விறகு. கேஸ் சமையலுக்கே பத்தாது. பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆவியைப் பார்த்ததும் எனக்கு முதல் அடி விழுந்தது. இவள் காய்ச்சுகிறாள்.

“வாங்க டீச்சர்,” என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. கோபம்கூட இல்லை.

தர்ஷினி உள்ளிருந்து சிணுங்கினாள். செல்வி கொதிக்கிற தண்ணீரை ஒரு டம்ளரில் பாதி மொண்டாள். எழுந்துபோய் நீல டிரம்மைத் திறந்தாள். அதிலிருந்து மக்கில் தண்ணீர் எடுத்து டம்ளரின் மீதிப் பாதியை நிரப்பினாள். சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சூடு பார்த்தாள். பதமாக இருந்தது போல. பிள்ளையின் வாயில் வைக்கப் போனாள்.

“ஏட்டி, நில்லு!” என்று கத்தினேன். “என்னத்தப் பண்ற?”

அவள் பயந்துவிட்டாள். “விளாவித்தேன் டீச்சர் குடுக்குறேன். அப்பிடியே குடுத்தா பிள்ள வாயி வெந்துபோகாதா?”

“காய்ச்சுன தண்ணில பச்சத் தண்ணிய விளாவுனா காய்ச்சுனதுக்கு என்னம்மா அர்த்தம்?”

“நீங்கதான டீச்சர் சுடுதண்ணி குடுன்னீங்க? ஆறவச்சுக் குடுன்னு சொல்லலயே. ஆறிட்டா அது சுடுதண்ணி இல்லைல்ல?”

சுடுதண்ணி. இத்தனை வருடம் வீடு வீடாக நான் சொன்ன வார்த்தை அதுதான். ஹிந்திக்காரர்களிடம் ‘கரம் பானி’. அதற்கும் சூடான தண்ணீர் என்றுதான் அர்த்தம். கொதித்து, மூடி, அப்படியே ஆறிய தண்ணீர் என்று அந்த வார்த்தைக்குள் எங்கே இருக்கிறது? வெந்நீர் என்று கேட்டாலே தமிழ்ப் பெண்ணின் கை விளாவத்தான் போகும். பிள்ளை பிறந்த நாளிலிருந்து குளிப்பாட்டுவதற்கு விளாவிப் பழகின கை அது. அப்படி விளாவுவதும் சுண்டுவிரல் விட்டுப் பார்ப்பதும் பிள்ளைமேல் இருக்கிற பிரியத்தில்தான். அந்தப் பிரியத்தின் வழியாகவே நாலா உள்ளே வந்திருக்கிறது.

செல்வி மெதுவாகச் சொன்னாள். “சென்டர்ல நீங்களும் அப்பிடித்தான டீச்சர் தருவீக? மழ நாள்ல பிள்ளைகளுக்கு? நான் அதப் பாத்துத்தேன் பழகுனேன்.”

உண்மை. குளிர்ந்து நடுங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பாக ஏதாவது வயிற்றில் போகட்டும் என்று, கெட்டில் தண்ணீரைப் பெரிய ஜக்கில் ஊற்றி, சென்டர் டிரம்மிலிருந்து இரண்டு மக் விளாவி, என் கையாலேயே டம்ளர் டம்ளராகக் கொடுத்திருக்கிறேன். எங்கள் டிரம்முக்கும் அதே குழாய்தான். அதே நாலாதான். எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தேனோ தெரியாது.

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

எடை பார்க்கும் நாள்

மறுநாள் மினோதியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். “ஹம் பீ தோ கர்தே ஹைன், தீதி.” நாமும் அப்படித்தானே செய்கிறோம் என்கிறாள். அன்றைக்கே ஜக்கைத் தூக்கி மேலே போட்டோம். மூடியும் குழாயும் வைத்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் முந்தின நாள் காய்ச்சியது மட்டும்தான். வீடு வீடாகப் போனபோது, சுடுதண்ணி என்ற சொல்லையே வாயிலிருந்து எடுத்துவிட்டேன். ‘கொதிச்சு ஆறின தண்ணி.’ நீளமான பேர்தான். பரவாயில்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் கேட்டேன், கேட்டிருக்க வேண்டிய கேள்வியை. உன் வீட்டில் என்ன செய்கிறாய் என்று திட்டாமல், எனக்குச் செய்து காட்டு என்று கேட்டேன். பதினோரு வீட்டில் கேட்டதில் எட்டு வீட்டில் விளாவினார்கள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த வீடுகள்.

குழாய் விஷயமாக அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு முனிசிபல் ஆபீஸுக்குப் போனோம். இரண்டு முறை போன பிறகு ஆள் வந்து மூன்று ஜாயின்ட்டை மாற்றினான். குழாய் இன்னும் நாலாவுக்குள்தான் போகிறது. அதையும் எழுதிவைக்கிறேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அடுத்த மாதம் எடை பார்க்கும் நாள் வந்தது. அதே சுவரோரம், அதே அம்மாமார். செல்வி கடைசியாக வந்து கடைசியில் உட்கார்ந்தாள். நான் தராசைத் தொடுவதற்கு முன்னால் எழுந்து நின்றேன்.

“போன தடவ இதே எடத்துல செல்விய நான் பொய் சொல்றான்னு சொன்னேன். ஆஸ்பத்திரியிலயும் சொன்னேன். அவ பொய் சொல்லல. நான் சொன்னபடியே செஞ்சா. நான் சொன்னதுதான் தப்பு. செல்வி, என்னய மன்னிச்சுரும்மா.” அதையே ஹிந்தியிலும் ஒருமுறை சொன்னேன். ஹிந்தியில்தானே அவள்மேல் பழி போட்டேன்?

செல்வி எழுந்து வந்து தர்ஷினியைத் துணிப்பையில் இறக்கினாள். பிள்ளை கூரை பெயரக் கத்தியது. முள் போன மாதக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அதிகம் இல்லை, ஒரு விரல் அகலம். மினோதி கை தட்டினாள்.

செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, என் பக்கம் பாராமல் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் வீட்டுச் சுற்று முடித்துக் கீழே இறங்கும்போது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் டம்ளர்.

“டீச்சர், தண்ணி.”

பழக்கதோஷம். “இருக்கட்டும்மா, பாட்டில்...” என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

“எங்க வீட்டுல நீங்க ஒரு நா கூடத் தண்ணி குடிச்சதில்ல டீச்சர்,” என்றாள் செல்வி. சண்டைக்குச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். “வாங்கிக் குடிச்சிருந்தீகன்னா, நான் விளாவுறத அன்னைக்கே பாத்துருப்பீக.”

டம்ளரை வாங்கினேன். கொதித்து ஆறின தண்ணீர். பலகை விறகின் புகை வாசம் லேசாக இருந்தது. நின்ற நிலையிலேயே முழுவதையும் குடித்தேன்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?” என்றாள்.

நான் கை நீட்டினேன்.